பட்டாளம் திரும்பியவருக்கு வைத்தியம்: பணம் வருவது எப்போது?

43 நாள் சர்க்கார் முடங்கியது. ஆனால் ராணுவ வீரர் ஆஸ்பத்திரிகள் மூடவில்லை. காரணம் என்ன?

2025-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி அமெரிக்க சர்க்கார் முடங்கியது.

யுத்தம் வரவில்லை. புயல் அடிக்கவில்லை. கஜானாவும் காலியாகவில்லை. புது ஆண்டுச் செலவுக்குப் பாராளுமன்றம் அனுமதி கொடுக்கவில்லை. அவ்வளவுதான்!

ஆளும் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் தகராறு. பட்ஜெட் நிறைவேறவில்லை. லட்சக்கணக்கான சர்க்கார் ஊழியர்கள் சம்பளம் இல்லாமல் தவித்தார்கள். விமானங்கள் குறைக்கப்பட்டன. சுமார் 4 கோடி ஏழைகளுக்கு உணவு வாங்கக் கிடைக்கும் உதவி தடுமாறியது. 43 நாட்கள் கழித்து, நவம்பர் 12-ந் தேதி இரவுதான் தகராறு தீர்ந்தது.

இத்தனை கலவரத்திலும் ஒரு இடத்தில் வேலை நடந்துகொண்டே இருந்தது. முன்னாள் ராணுவ வீரர்களின் சர்க்கார் ஆஸ்பத்திரிகள்தான் அந்த இடம். டாக்டர்கள் வந்தார்கள். நர்சுகள் வந்தார்கள். மருந்து கொடுத்தார்கள். ஆபரேஷன் நடந்தது.

மற்ற இலாகாக்களுக்கு இல்லாத பணம் இந்த ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

அந்தப் பணம் ஒரு வருஷத்துக்கு முன்பே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது! அதற்கு வழி செய்தது 2009-ம் ஆண்டில் வந்த ஒரு சட்டம். அந்தச் சட்டம் வருவதற்குப் பட்டாளத்துக்காரர்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

லிங்கன் சொன்ன சொல்

அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் முடியும் நேரம். 1865-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி ஆபிரகாம் லிங்கன் இரண்டாவது முறையாக ஜனாதிபதி பதவி ஏற்றார். போரின் பாரத்தைச் சுமந்தவனையும், அவனுடைய விதவையையும், தகப்பனை இழந்த பிள்ளையையும் காப்பது நாட்டின் கடமை என்று அன்று அவர் பேசினார்.

சொல்வது சுலபம். செய்வதற்குப் பணம் வேண்டுமே!

முதல் உலக யுத்தத்தில் சண்டை போட்டவர்களுக்குப் போனஸ் தருவதாகச் சர்க்கார் எழுதிக் கொடுத்தது. பணம் கைக்கு வருவது 1945-ம் ஆண்டில் என்று தேதி போட்டிருந்தார்கள். 1932-ல் நாடெங்கும் பஞ்சம். வேலை இல்லை. "இப்போதே கொடுங்கள்" என்று ஆயிரக்கணக்கான வீரர்கள் தலைநகர் வாஷிங்டனுக்கு வந்து கூடாரம் போட்டார்கள். ஜூலை 28-ந் தேதி ராணுவமே வந்து அவர்களை விரட்டியது. நேற்று வரை பட்டாளத்தில் இருந்தவர்களை இன்றைய பட்டாளம் விரட்டியது! அந்தப் போனஸ் 1936-ல்தான் கைக்கு வந்தது.

அமெரிக்க அரசியல்வாதிகள் அதை மறக்கவில்லை. பட்டாளத்துக்காரரைப் பகைத்துக்கொண்டால் ஓட்டு கிடைக்காது என்பது அன்றிலிருந்து எல்லாக் கட்சிக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரி சாம்ராஜ்யம்

முன்னாள் ராணுவத்தினரைக் கவனிக்க 1930-ல் தனி நிர்வாகம் ஏற்பட்டது. 1989-ல் அதற்கு மந்திரி அந்தஸ்து கிடைத்து, தனி இலாகா ஆனது.

இன்று அந்த இலாகாவுக்குச் சுமார் 170 பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு வைத்திய நிலையங்கள் வேறு. பெயர் பதிவு செய்துகொண்டவர்கள் 90 லட்சத்துக்கும் அதிகம். கட்டடம் சர்க்காருடையது. டாக்டருக்குச் சம்பளம் தருவதும் சர்க்கார்தான்.

அமெரிக்காவில் வைத்தியச் செலவு மிக அதிகம். சாதாரண மக்கள் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஆஸ்பத்திரிப் படி ஏறப் பயப்படுவார்கள். அப்படிப்பட்ட நாட்டில் இந்த ஆஸ்பத்திரிகள் ஏழை வீரனுக்குப் பெரிய ஆதரவு.

ஆனால், வந்தவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி சலுகை கிடையாது. வரிசை உண்டு. 1996-ல் வந்த சட்டத்தின்படி வீரர்கள் பல பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டார்கள். இப்போது 8 பிரிவுகள் இருக்கின்றன. யுத்தத்தில் பலத்த ஊனம் அடைந்தவர்கள் முதல் பிரிவு. ஊனம் இல்லாமல், வருமானமும் ஓரளவு உள்ளவர்கள் 8-வது பிரிவு. பணம் குறைந்தால் முதலில் கதவு மூடுவது யாருக்கு? கடைசியில் நிற்பவர்களுக்குத்தான்.

அதுதான் நடந்தது. 2003-ம் ஆண்டு ஜனவரியில், 8-வது பிரிவில் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை என்று இலாகா அறிவித்தது. கூட்டம் அதிகம், பணம் போதவில்லை என்பதே காரணம். 2009-ல்தான் அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. வருமான வரம்பை 10 சதவிகிதம் உயர்த்தி, மேலும் சிலரைச் சேர்த்தார்கள்.

இரண்டு உண்டியல்

அமெரிக்க சர்க்காரின் பணம் இரண்டு வழிகளில் செலவாகிறது. இரண்டு உண்டியல் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் உண்டியல், கட்டாயச் செலவு. இன்னாருக்கு இவ்வளவு தர வேண்டும் என்று சட்டமே சொல்லிவிடும். எத்தனை பேர் வந்தாலும் கொடுத்தாக வேண்டும். வயதானவர்களின் ஓய்வூதியம் இந்த வகை. யுத்தத்தில் ஊனம் அடைந்தவருக்கு மாதந்தோறும் தரும் ஈட்டுத்தொகையும் இந்த வகைதான்.

இரண்டாவது உண்டியல், ஆண்டுச் செலவு. ஒவ்வொரு ஆண்டும் பாராளுமன்றம் ஓட்டெடுத்து, "இந்த ஆண்டு இவ்வளவு" என்று தர வேண்டும். ஓட்டெடுக்கத் தாமதமானால் பணமும் தாமதமாகும். (அமெரிக்கப் பாராளுமன்றத்துக்குக் 'காங்கிரஸ்' என்று பெயர். நம் நாட்டுக் கட்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.)

வீரர்களின் வைத்தியச் செலவு எந்த உண்டியலில் இருந்தது தெரியுமா? இரண்டாவதில்!

யுத்தத்தில் ஒரு காலை இழந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். போன காலுக்கு ஈடாக மாதம் தரும் பணம் அவருடைய உரிமை. ஆனால் செயற்கைக் கால் பொருத்துவதற்கும், அதற்கான டாக்டருக்கும் வேண்டிய பணம், ஆண்டுதோறும் ஓட்டெடுப்பில் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவுதான்!

தை மாதம் வந்த விதை நெல்

அமெரிக்க சர்க்காருக்கு அக்டோபர் 1-ந் தேதி புது வருஷக் கணக்கு பிறக்கிறது. அதற்குள் பட்ஜெட் நிறைவேற வேண்டும். பெரும்பாலான ஆண்டுகளில் நிறைவேறுவதில்லை.

2003-ம் ஆண்டுக் கணக்குக்கான பணம் 2002 அக்டோபரில் வந்திருக்க வேண்டும். வந்தது 2003 பிப்ரவரியில்! அடுத்த ஆண்டுப் பணம் 2003 அக்டோபருக்குப் பதில் 2004 ஜனவரியில் வந்தது.

இடையில் என்ன செய்வார்கள்? "போன வருஷம் செலவு செய்தபடியே இப்போதைக்குச் செலவு செய்யுங்கள்" என்று ஒரு தற்காலிகச் சட்டம் போடுவார்கள்.

பார்ப்பதற்கு இதில் பெரிய கெடுதல் இல்லை போலத் தோன்றும். ஆஸ்பத்திரித் தலைவரைக் கேட்டால்தான் கஷ்டம் புரியும். நோயாளிகள் கூடியிருப்பார்கள். மருந்து விலை ஏறியிருக்கும். பணமோ பழைய கணக்குப்படி. புதிதாக டாக்டரை வேலைக்கு வைக்கலாமா? பணம் வருமா, வராதா என்று தெரியாது. யந்திரம் வாங்க ஆர்டர் கொடுக்கலாமா? கொடுக்க முடியாது. எல்லாவற்றையும் தள்ளிப்போட வேண்டியதுதான்.

நல்ல டாக்டர் காத்திருப்பாரா? தனியார் ஆஸ்பத்திரி அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விடும்.

பிப்ரவரியில் பணம் வந்த பிறகோ வேறு தொல்லை. செப்டம்பருக்குள் செலவு செய்தாக வேண்டும். 12 மாத வேலையை ஏழு எட்டு மாதத்தில் அவசர அவசரமாகச் செய்வார்கள். ஆடிப் பட்டத்துக்கு வேண்டிய விதை நெல்லைத் தை மாதம் கொண்டுவந்து கொட்டினால் குடியானவன் என்ன செய்வான்? அளவு சரியாக இருக்கும். காலம் போய்விட்டிருக்கும்.

தவறிய கணக்கு

காலதாமதம் ஒரு நோய். கணக்குத் தவறுவது இன்னொரு நோய். 2005-ம் ஆண்டில் அதுவும் வெளிப்பட்டது.

அப்போது ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து திரும்பி, சிகிச்சைக்கு வரக்கூடியவர்கள் எத்தனை பேர்? சுமார் 23,500 பேர் என்று இலாகா கணக்குப் போட்டிருந்தது. பிறகு அதைத் திருத்தியது. திருத்திய கணக்கு எவ்வளவு? 1 லட்சத்து 3 ஆயிரம்! நாலு மடங்குக்கும் மேல்!

இவ்வளவு பெரிய தவறு எப்படி வந்தது? ஈராக் யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய புள்ளிவிவரத்தை வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். பட்ஜெட் தயாரிப்பது இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தொடங்குவதால் வந்த வினை அது.

பணம் போதாது என்று முதலிலேயே எச்சரித்தவர்கள் உண்டு. செனட் சபை உறுப்பினரான மரே அம்மையார், கூடுதல் பணம் கேட்டு 2005 ஏப்ரலில் தீர்மானம் கொண்டுவந்தார். "அவசரம் ஒன்றும் இல்லை" என்றது இலாகா. தீர்மானம் தோற்றது. ஜூன் மாதம் அதே இலாகா வந்து, "100 கோடி டாலர் துண்டு விழுகிறது" என்று சொன்னது! கட்சி வேறுபாடு இல்லாமல் உறுப்பினர்கள் கொதித்தார்கள். கடைசியில் 150 கோடி டாலர் கூடுதலாகக் கொடுத்துச் சமாளித்தார்கள்.

"உண்டியலை மாற்று!"

பட்டாளத்துக்காரர்களின் சங்கங்கள் அமெரிக்காவில் பலம் வாய்ந்தவை. 'அமெரிக்கன் லீஜன்' என்ற சங்கம் 1919-ல் தோன்றியது. ஊனமுற்ற வீரர்களுக்குத் தனிச் சங்கம் உண்டு. வெளிநாட்டு யுத்தங்களில் சண்டை போட்டவர்களுக்குத் தனிச் சங்கம் உண்டு. சில சங்கங்கள் சேர்ந்து, சர்க்கார் பட்ஜெட்டுக்குப் போட்டியாக ஆண்டுதோறும் தாங்களே ஒரு பட்ஜெட் தயாரித்து வெளியிடுகின்றன!

இந்தச் சங்கங்கள் கேட்டது இதுதான்: "வைத்தியச் செலவை முதல் உண்டியலுக்கு மாற்றுங்கள். எத்தனை வீரர் வந்தாலும் பணம் தானாக வரட்டும்."

ஜனாதிபதி நியமித்த ஒரு குழுவும் 2003-ம் ஆண்டு மே மாதம் அறிக்கை கொடுத்தது. தேவைக்கும் பணத்துக்கும் பொருத்தம் இல்லை, இதை மாற்ற வேண்டும் என்று அது சொன்னது.

பாராளுமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. ஏன்? இரண்டு காரணம் சொன்னார்கள்.

ஒன்று, செலவு கைமீறிப் போகும் என்ற பயம். முதல் உண்டியலுக்குப் போன செலவு திரும்பிக் குறைந்ததாகச் சரித்திரம் இல்லை.

இன்னொன்று, அதிகாரம். ஆண்டுதோறும் பணம் கேட்டு வரும் இலாகாவைத்தான் பாராளுமன்றம் கூப்பிட்டுக் கேள்வி கேட்க முடியும். பணம் தானாக வந்தால் கேள்விக்கு யார் பயப்படுவார்?

இரண்டையும் வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. மக்கள் வரிப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது மக்கள் பிரதிநிதிகளின் கடமைதானே!

நடுவழி

சங்கங்கள் யோசித்தன. பிடிவாதம் பிடித்தால் ஒன்றும் கிடைக்காது. ஆகவே ஒரு நடுவழியைக் கண்டுபிடித்தன.

"உண்டியலை மாற்ற வேண்டாம். ஓட்டெடுத்தே கொடுங்கள். ஆனால் ஒரு வருஷம் முன்னதாகக் கொடுங்கள்" என்றன.

இந்த ஆண்டு பட்ஜெட்டிலேயே அடுத்த ஆண்டு வைத்தியச் செலவுக்கும் அனுமதி கொடுத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால், அடுத்த அக்டோபரில் கட்சிகள் எவ்வளவு சண்டை போட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் பணம் தயாராக இருக்கும். பாராளுமன்றத்தின் அதிகாரமும் குறையாது. அடுத்த மாதத்து அரிசியை இந்த மாதமே வாங்கி வைக்கும் குடும்பத்தலைவியின் புத்தி இது!

பிரதிநிதிகள் சபையில் பாப் பில்னர், செனட் சபையில் டேனியல் அகாகா ஆகிய இருவரும் மசோதாவை முன்னின்று நடத்தினார்கள். அகாகா, இரண்டாம் உலக யுத்தத்தில் பணி செய்தவர். 2009-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி ஜனாதிபதி ஒபாமா அதில் கையெழுத்து போட்டார்.

அந்த ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய பட்ஜெட்டில், 2011-ம் ஆண்டுக்கான வைத்தியச் செலவுக்கு முன்கூட்டியே சுமார் 4,800 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. இலாகா போடும் கணக்கு சரிதானா என்று தணிக்கை அலுவலகம் பார்க்க வேண்டும் என்றும் சட்டத்தில் எழுதினார்கள். 2005-ல் பட்ட சூடு!

முதல் சோதனை

2013-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி சர்க்கார் முடங்கியது. 16 நாட்கள். புதுச் சட்டத்துக்கு அதுதான் முதல் பெரிய சோதனை.

ஆஸ்பத்திரிகள் தடையின்றி நடந்தன. சட்டம் ஜெயித்தது.

ஆனால் அதே இலாகாவின் அடுத்த அறையில் வேறு கதை. ஊன ஈட்டுத்தொகை கேட்டு வந்த மனுக்களைப் பரிசீலிக்கும் பிரிவில், 7,800-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். முடக்கம் நீடித்தால் நவம்பர் மாத ஈட்டுத்தொகையே தர முடியாது என்று மந்திரி ஷின்செகி எச்சரித்தார்.

கட்டாயச் செலவு எப்படி நிற்கும் என்று வாசகர்கள் கேட்கலாம். தர வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், பணத்தை எடுத்துக் கொடுக்கும் அனுமதி ஆண்டு பட்ஜெட்டில்தான் இருந்தது. பெட்டி நிறையப் பணம் இருக்கிறது. சாவி அடுத்த வீட்டில் இருக்கிறது. அந்த நிலைமைதான்!

2014 டிசம்பரில் அந்த ஓட்டையையும் அடைத்தார்கள். ஈட்டுத்தொகைக்கும் ஓய்வூதியத்துக்கும் முன்கூட்டியே பணம் ஒதுக்க வழி செய்தார்கள்.

எல்லா ஓட்டைகளும் அடைபட்டுவிடவில்லை. 2025-ம் ஆண்டு முடக்கத்தில் ஆஸ்பத்திரி திறந்திருந்தது. ஆனால் இலாகாவின் வட்டார அலுவலகங்கள் பொதுமக்களுக்குக் கதவடைத்தன. ராணுவ வீரர் கல்லறைத் தோட்டங்களில் நிரந்தரக் கல் நடும் வேலை நின்றது. வீரன் உயிரோடு இருந்தால் வைத்தியம் உண்டு. இறந்துபோனால் கல்லுக்குக் காத்திருக்க வேண்டும்!

பணம் வந்தது, டாக்டர் வரவில்லை

நேரத்தோடு பணம் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது என்று 2014-ம் ஆண்டு காட்டியது.

அரிசோனா மாகாணத்தில் பீனிக்ஸ் நகரம். அங்குள்ள ராணுவ வீரர் ஆஸ்பத்திரியில் பெரிய முறைகேடு அம்பலமானது. டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று வந்த 1,700 பேரின் பெயர்கள், காத்திருப்போர் பட்டியலிலேயே இல்லை! 226 பேரின் விவரத்தை எடுத்து அதிகாரிகள் ஆராய்ந்தார்கள். சராசரியாக 24 நாள் காத்திருந்தார்கள் என்று ஆஸ்பத்திரி கணக்குக் காட்டியிருந்தது. உண்மையில் அவர்கள் காத்திருந்தது சராசரி 115 நாள்!

காத்திருக்கும் நாள் குறைந்தால் அதிகாரிகளுக்குப் பாராட்டும் பரிசும் கிடைக்கும். ஆகவே நாளைக் குறைக்காமல், கணக்கைக் குறைத்தார்கள். மந்திரி ஷின்செகி 2014 மே 30-ந் தேதி ராஜினாமா செய்தார்.

ஆகஸ்டு மாதம் புதுச் சட்டம் வந்தது. 30 நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டியவர்களும், சர்க்கார் வைத்திய நிலையத்துக்கு 40 மைல் தூரத்துக்கு அப்பால் வசிப்பவர்களும் தனியார் டாக்டரிடம் போகலாம். செலவு சர்க்காருடையது. அதற்கு 1,000 கோடி டாலர் ஒதுக்கினார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் ஆள் சேர்க்கவும் இடம் பெருக்கவும் தனியாக 500 கோடி டாலர் கொடுத்தார்கள்.

2018-ல் இந்தத் திட்டம் மேலும் விரிந்தது. அதன்படி வந்த விதி இது: சாதாரண வைத்தியத்துக்கு 20 நாளுக்கு மேல் காக்க வைக்கக்கூடாது, விசேஷ வைத்தியத்துக்கு 28 நாள். சாதாரண வைத்தியத்துக்கு 30 நிமிஷப் பயணம், விசேஷ வைத்தியத்துக்கு 60 நிமிஷப் பயணம். இவற்றுக்கு மேல் போனால் வெளி டாக்டரை நாடலாம்.

தொலைதூரக் கிராமத்தில் இருக்கும் வீரனுக்கு இது பெரிய நன்மை. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. வெளியே போகும் பணம் கூடக்கூட, உள்ளே இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் பணம் குறையும். உள்ளே டாக்டர் குறைந்தால் காத்திருக்கும் நாள் கூடும். காத்திருக்கும் நாள் கூடினால் இன்னும் பலர் வெளியே போவார்கள். இந்தச் சக்கரம் இப்படியே சுற்றினால், சர்க்கார் ஆஸ்பத்திரிகள் பலவீனப்படும் என்று பல சங்கங்கள் கவலைப்படுகின்றன. "வீரனுக்கு வேண்டியது வைத்தியம். அதை யார் கொடுத்தால் என்ன?" என்று மறுபக்கம் வாதாடுகிறது. இன்று நடக்கும் பெரிய வழக்கு இதுதான்.

நச்சுப் புகையும் மூன்றாவது உண்டியலும்

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் அமெரிக்கப் படை முகாம்களின் குப்பையைப் பெரிய குழிகளில் போட்டுத் திறந்தவெளியில் எரித்தார்கள். பிளாஸ்டிக், ரசாயனம், பெயிண்ட் எல்லாம் அதில் எரிந்தது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்களில் பலருக்கு மூச்சு நோயும் புற்றுநோயும் கண்டன.

"இந்தப் புகையால்தான் வந்தது என்று நிரூபியுங்கள்" என்று இலாகா கேட்டது. பத்து வருஷத்துக்கு முன் சுவாசித்த புகைக்கு யார் சாட்சி சொல்வது?

2022-ல் அதற்கு ஒரு மசோதா வந்தது. ஜூலை மாதம் செனட் சபை ஓட்டெடுப்பில் அது சிக்கிக்கொண்டது. வீரர்களுக்கு உதவக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பணம் எந்த உண்டியலிலிருந்து வர வேண்டும் என்பதில்தான் தகராறு! கோபம் கொண்ட வீரர்கள், நோயாளிகளும்கூட, பாராளுமன்றப் படிக்கட்டிலேயே இரவும் பகலும் தங்கினார்கள். ஆகஸ்டு 2-ந் தேதி மசோதா நிறைவேறியது. 10-ந் தேதி ஜனாதிபதி பைடன் கையெழுத்து போட்டார்.

20-க்கும் மேற்பட்ட நோய்களுக்கு இனி நிரூபணம் வேண்டாம் என்றது சட்டம். நச்சுப் புகையால் வரும் செலவுக்குத் தனி நிதியும் ஏற்பட்டது. அது கட்டாயச் செலவு வகையைச் சேர்ந்தது. முன்பு சங்கங்கள் கேட்டு மறுக்கப்பட்டது, இப்போது ஒரு பகுதி செலவுக்குக் கிடைத்துவிட்டது!

மறுபடியும் கணக்கு

கதவு திறந்தது, கூட்டம் வந்தது, கணக்கு மறுபடி தடுமாறியது.

2024 ஜூலையில் இலாகா அபாய அறிவிப்பு கொடுத்தது. ஈட்டுத்தொகை முதலியவற்றுக்கு உடனே சுமார் 290 கோடி டாலர் துண்டு விழும் என்றது. அடுத்த ஆண்டு வைத்தியச் செலவில் சுமார் 1,200 கோடி டாலர் துண்டு விழும் என்றது. செப்டம்பரில் பாராளுமன்றம் அவசரமாகக் கூடி, முதல் தொகையைக் கொடுத்தது. ஆண்டு முடிந்து பார்த்தால் என்ன? அந்தப் பணம் தேவைப்படவே இல்லை! இலாகா கையில் பணம் மிச்சம் இருந்தது.

2005-ல் குறைத்துக் கணக்குப் போட்டார்கள். 2024-ல் கூட்டிக் கணக்குப் போட்டார்கள். இரண்டும் கெடுதல்தான். குறைத்துச் சொன்னால் நோயாளி காத்திருக்க வேண்டும். கூட்டிச் சொன்னால் அடுத்த முறை உண்மையாகவே பணம் வேண்டும்போது யாரும் நம்பமாட்டார்கள்.

முன்கூட்டிப் பணம் ஒதுக்கும் முறையில் இந்த ஆபத்து அதிகம். இலாகா இரண்டு மூன்று ஆண்டுக்கு அப்பால் பார்த்துக் கணக்குச் சொல்ல வேண்டும். அதற்குள் புது யுத்தம் வரலாம். புது நோய் வரலாம். புதுச் சட்டம் வரலாம். ஆகவே இரண்டாம் ஆண்டில் ஒரு முறை கணக்கைத் திருத்திக் கூடுதல் பணம் கேட்கவும் வழி வைத்திருக்கிறார்கள். திருத்த வழி இருந்தும், நோயாளிகளை ஒழுங்காக எண்ணாவிட்டால் பயன் இல்லை.

யுத்தச் செலவு என்று முடிகிறது?

யுத்தம் முடிந்த அன்று குண்டுச் செலவு நிற்கிறது. வைத்தியச் செலவு அன்றுதான் ஆரம்பமாகிறது. இருபது வயதில் காயம் பட்டவனுக்கு எண்பது வயது வரை டாக்டர் வேண்டும். வியட்நாம் யுத்தம் 1975-ல் முடிந்தது. அங்கே தெளித்த ரசாயனத்தால் வந்த நோய்களுக்கு 2022-ம் ஆண்டுச் சட்டத்திலும் இடம் கொடுக்க வேண்டியிருந்தது!

படை அனுப்ப ஓட்டுப் போடும்போது, அறுபது ஆண்டு வைத்தியச் செலவுக்கும் சேர்த்தே ஓட்டுப் போடுகிறோம் என்பதை எந்தப் பாராளுமன்றமும் நினைப்பதில்லை. அதனால்தான் பிறகு உண்டியல் தகராறு வருகிறது.

2009-ம் ஆண்டுச் சட்டம் எல்லா நோயையும் தீர்க்கவில்லை. பீனிக்ஸ் மோசடியை அது தடுக்கவில்லை. தவறான கணக்கையும் திருத்தவில்லை. ஆனால் ஒரு காரியத்தை உறுதியாகச் செய்தது. அரசியல்வாதிகளின் சண்டைக்கு நோயாளியைப் பணயம் வைக்க முடியாதபடி செய்தது. 2013-ல் 16 நாளும், 2025-ல் 43 நாளும் ஆஸ்பத்திரிகள் திறந்திருந்ததே அதற்குச் சாட்சி.

நேரத்தில் பணம் வர வழி பிறந்துவிட்டது. இனி வேண்டியது உண்மையான கணக்கு. எத்தனை பேர் வருவார்கள், எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், எத்தனை நாள் காத்திருக்கிறார்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லும் கணக்கு. அதைச் சட்டம் மட்டும் தந்துவிட முடியாது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் தர வேண்டும்.